வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

என் வீட்டுக்காரரைத் தேடிக் கொழும்பிலிருந்து இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். போன கிழமையும் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது, கையில் பெரிய வரைபடம் ஒன்று. ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் கூடிவிட்டனவாம், தண்ணீரில் இறங்குகிற விமானத்தை மறுபடியும் விடலாமா என்று பார்க்கிறார்களாம், கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிற புத்தளம் களப்பைப் பற்றி எத்தாளை மஹ்ரூப்பிடம் கேட்கச் சொல்லி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் கதிரைகளை இழுத்துப் போட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அவர்களை உபசரித்தார். தண்ணீரைப் பார்க்க எப்போது வரலாம் என்று அவர்கள் கேட்டபோது நான் உள்ளே தையல் மெஷினில் இருந்தேன். இவர் வாயைத் திறக்க முன்னரே, வெள்ளிக்கிழமை மட்டும் வர வேண்டாம் என்று அங்கிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டேன். வந்தவர்களுக்கு விளங்கவில்லை. இவருக்கு விளங்கியது, தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்களுக்கு விளங்காததை எழுதி வைக்கலாம் என்று பார்க்கிறேன். என் பெயர் றம்ஸியா. அபாயா தைப்பதுதான் தொழில், எழுதுவதல்ல. ஆனால் இந்த மனிதரைப் பற்றி என்னை விட்டால் வேறு யார் உண்மை சொல்லப் போகிறார்கள்.

இவர் மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார். ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தார். சின்ன வயதில் மன்னாரில் குண்டு போடுகிற விமானம் வந்தால் எல்லோரும் பங்கருக்குள் ஓடுவார்களாம். இவர் மட்டும் வாசலில் தலையை நீட்டி, அது எப்படிச் சரிந்து திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். வாப்பாவிடம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. கற்பிட்டிக்கு வந்து, வளர்ந்து, எத்தாளையில் வீடு கட்டி, களப்பில் நண்டு வலை போடத் தொடங்கிய பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. வலையைப் போட்டுவிட்டு வள்ளத்தில் மல்லாந்து படுத்துக்கொள்வார். மேலே, மிக மேலே, வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு விமானங்கள் போகும். களப்பு அசையாமல் கிடக்கிற நேரத்தில் தண்ணீருக்குள்ளும் அதே கோடு தெரியும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் தான் தொங்குவதாக நினைத்துக்கொண்டு கிடப்பாராம். இதை என்னிடம் சொன்னபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த நேரத்தில் இன்னொரு வலை போட்டிருக்கலாம்.

எனக்கு விமானம் என்றால் குவைத். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னர் நானும் வீட்டு வேலைக்குப் போய் வந்தவள். போகும்போது முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டு அழுதேன், வரும்போது களைத்துத் தூங்கினேன். நிக்காஹ் முடிந்து எங்களைத் தனியே விட்டபோது இந்த மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, விமானத்தில் ஜன்னல் பக்கமா இருந்தாய் என்பதுதான். ஓம், ஜன்னல் பக்கம்தான், ஆனால் வெளியே பார்க்கவில்லை என்றேன். விருந்துக்குப் போய்ப் பட்டினியாகத் திரும்பி வந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். இவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. ஒரு தடவை மேலே போய் ஜன்னலால் கீழே பார்க்க வேண்டும். பாஸ்போட் எடுத்து எங்கேயாவது போய்த் தொலையுங்களேன் என்று நான் ஏசினால், பார்க்கிறதற்கு எதற்கு வெளிநாடு, எங்கள் களப்பைப் பார்த்தால் போதும் என்பார்.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் எங்கள் கரை மாறத் தொடங்கியது. அகதிக் கொட்டில்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் தங்கும் கொட்டில்கள் வந்தன. அதுவும் ஓலைதான், ஆனால் உள்ளே ஏசி. டொல்பின் பார்க்க ஒரு கூட்டம், பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடுகிற இன்னொரு கூட்டம். கொழும்பிலிருந்து வருவதற்குள் ரோட்டிலேயே அரைநாள் போய்விடுகிறது என்று எல்லோரும் முறையிட்டார்கள். அப்போதுதான் கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி, சில்லுக்குப் பதிலாக இரண்டு தோணியைக் கட்டிய மாதிரி ஒரு விமானத்தை வைத்திருக்கிறது, அதைக் களப்பில் இறக்கப் போகிறது என்று கதை அடிபட்டது. உதவிக்கு வள்ளத்தோடு ஓர் ஆள் தேவை என்றார்கள். ஹோட்டலுக்கு நண்டு கொடுக்கப் போன இடத்தில் இவர் கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டார்.

தண்ணீரைப் பார்க்க ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாகக் கம்பனி சொன்னது. எத்தாளைக்கு முன்னால் உள்ள களப்பு சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நண்டு வலை, இறால் வலை, ரெஜிபோம் மிதப்புகள், கம்பில் கட்டின கறுப்புக் கொடிகள், நடுவில் குறுக்கும் மறுக்குமாக வள்ளங்கள். கொக்குக்கூட இடம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் அப்படியில்லை. ஜும்ஆ தொழுகை முடியும் வரை எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவதில்லை. காலையில் எடுக்க முடியாத வலையை வியாழன் பின்னேரமே போடுவதுமில்லை. அதனால் வெள்ளி காலையில் களப்பு, பெருநாளைக்குக் கழுவி வைத்த பெரிய தட்டு மாதிரி வெறுமையாகக் கிடக்கும். இவர் கம்பனிக்கு டெலிபோன் எடுத்து, செவ்வாய் சரிவராது, வெள்ளிக்கிழமை வாருங்கள், அதுதான் எங்களுக்கு நல்ல நாள் என்றார்.

அவர்களும் வந்தார்கள். காற்று அடங்கி, மெல்லிய மூட்டம் தண்ணீர்மேல் படுத்திருந்த காலை. நானும் கரையில் நின்று பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. அக்கரை இல்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொழும்பு ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பிறகு அளந்தார்கள், படம் பிடித்தார்கள். இங்கே எப்போதும் இப்படித்தானா என்று மனேஜர் கேட்டார். எப்போதும் இப்படித்தான் என்று இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவர்கள் இரண்டாம் முறை வந்ததும் வெள்ளி. பயணிகள் இல்லாமல் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிப் பார்த்ததும் வெள்ளி.

பள்ளிக்குப் போகிற நாளில் இப்படி ஒரு பொய்யா என்று நான் பிடித்துக்கொண்டேன். பெண் பார்க்க வருகிறபோது வீட்டைக் கூட்டிப் பாய் விரித்து வைப்பதில்லையா, கட்டிக்கொண்ட பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டிலும் கதிரைகள் இரவல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை விமானம் முதன்முதலாக இறங்கியபோது, சத்தம் கேட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். யுத்தத்தில் பழகின கால்கள். நான் தையல் மேசைக்குக் கீழே இருந்தேன். இவர் வள்ளத்தில் எழுந்து நின்று வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்ததாக ஜபார் நானா பிறகு வந்து சொன்னார். ஜபார் நானா எங்கள் மீனவர் சங்கத் தலைவர். நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்கு நுனியில்.

பயணிகளோடு முதல் விமானம் வருவதற்குக் கம்பனி குறித்த நாள் சனிக்கிழமை. அவர்களுக்கு எந்த நாளும் ஒன்றுதானே. இவர் முதல் நாள் ஜும்ஆ முடிந்த கையோடு வீடு வீடாகப் போய், இன்றைக்கு மட்டும் வலை போட வேண்டாம் என்று கெஞ்சினார். காலை முழுக்கச் சும்மா இருந்தவர்கள் மறுநாளும் எப்படிச் சும்மா இருப்பார்கள். வானத்தில் போகிறவனுக்காக என் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா என்று ஜபார் நானா கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

சனிக்கிழமை காலை விமானம் வந்தது. கரையில் பந்தல், மாலை, இளநீர், ஹோட்டல்காரர்கள். களப்பு முழுக்க வலை. விமானம் தாழ வந்தது, வள்ளக்காரர்கள் கையை ஆட்டி விரட்டினார்கள், மேலே ஏறியது. மறுபடி வந்தது, மறுபடி ஏறியது. இவர் வள்ளத்தை அங்கேயும் இங்கேயும் ஓட்டி, சால்வையை வீசித் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. பிறகு அது கொழும்புப் பக்கம் திரும்பி, சின்னதாகிச் சின்னதாகி இல்லாமல் போனது. இவர் கரைக்கு வரவில்லை. மத்தியானம் வரை வள்ளத்திலேயே குந்திக்கொண்டிருந்தார். நான் கோபத்தை மறந்து சோற்றைக் கட்டி ஜபார் நானாவிடம்தான் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மனேஜரும் விமானம் ஓட்டுகிற கப்டனும் காரில் வந்து இறங்கினார்கள். கப்டன் பெயர் சாரங்கன், வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளை. கம்பனி கற்பிட்டியைக் கைவிடப் போகிறது என்று மனேஜர் நின்ற நிலையில் சொன்னார். அப்போது இவர் முற்றத்து நடுவில் நின்று, வெள்ளிக்கிழமைக் கதையை ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தார். மனேஜருக்கு முகம் சிவந்தது. கப்டன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாராக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

செய்தி கேட்டு ஜபார் நானாவும் வந்துவிட்டார். கூடவே அருளப்பு அண்ணன். அருளப்பு அண்ணன் வன்னியிலிருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்து, களப்பின் வடக்குப் பக்கத்தில் குடியேறிய கத்தோலிக்க மீனவர். நண்டு விற்கப் போன இடத்தில் இவரோடு சினேகம். வேண்டுமென்றால் வெள்ளி காலையில் வந்து இறங்குங்கள், மற்ற நாளில் எங்கள் வலைக்கு மேலே வரக் கூடாது என்று ஜபார் நானா கத்தினார். எங்கள் பக்கம் ஞாயிறு பூசை முடியும் வரை தண்ணீர் சும்மாதான் கிடக்கும் என்று, சண்டையை ஆற்றுவதற்காக அருளப்பு அண்ணன் சொன்னார். கப்டன் நிமிர்ந்தார். வெள்ளி எங்கள் பக்கம் வந்து இறங்குவது, ஞாயிறு அருளப்பு அண்ணன் பக்கத்திலிருந்து போவது. கொழும்பு ஆட்களும் வெளிநாட்டு ஆட்களும் கிழமைக் கடைசியில்தானே ஊர் சுற்ற வருகிறார்கள் என்று அவர் மனேஜருக்கு விளக்கத் தொடங்கினார். நான் உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

மனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பொய் சொன்னவர்தான் பொறுப்பு நிற்க வேண்டும். விமானம் இறங்கும்போதும் எழும்பும்போதும் மஹ்ரூப் வள்ளத்தோடு தண்ணீரில் நின்று, பாதை வெறுமை என்று கொடி பிடிக்க வேண்டும். மஹ்ரூப்பின் கொடி இல்லாமல் விமானம் இறங்காது, எழும்பாது. இவர் சந்தோஷத்தில் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். இந்த விமானம் மேலே போக வேண்டுமென்றால் இந்த மனிதர் கீழே நிற்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இவருக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

செம்மஞ்சள் துணியில் நான்தான் கொடி தைத்துக் கொடுத்தேன். விமானம் ஒழுங்காக வரத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் கப்டன் எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பும் பாணும் சாப்பிடுவார். அவர் பேசுவதைக் கேட்டுத்தான் எனக்கு அந்தத் தொழிலின் கஷ்டம் தெரிந்தது. இருப்பது ஒரே ஒரு விமானம். அதில் ஒரு சாமான் உடைந்தால் கனடாவிலிருந்து வர வேண்டும், டொலரோ ஏறிக்கொண்டே போகிறது. உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது, கொழும்பு போய்ச் சேர்ந்ததும் கைக்குழந்தை மாதிரி நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். எரிபொருளைப் பீப்பாவில் லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வோர் அனுமதி, நேவிக்கு முன்கூட்டியே அறிவித்தல். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் களப்பு கொந்தளிக்கும், அரை வருஷம் தொழில் இல்லை. பட்டக்காரர்கள் அந்தக் காற்றுக்காகத்தான் வருகிறார்கள், விமானத்துக்கு அதே காற்று ஆகாது. படித்துத் தேறிய விமானிகள் மாலைதீவுக்கு ஓடிவிடுகிறார்கள், அங்கே இந்த மாதிரி விமானங்கள் பஸ் மாதிரியாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு அவரே கனவும் காண்பார். திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணம் என்று களப்பும் கடலும் உள்ள இடமெல்லாம் விமானம் இறங்கும், ரோட்டில் நோயாளி சாகிற காலம் போய்விடும், எங்கள் நண்டு உயிரோடு அன்றைக்கே சிங்கப்பூர் போகும் என்பார். இவர் பாணைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"எங்கட சனத்துக்கு பிளேன் எண்டால் வெளிநாடுதான், மஹ்ரூப் நானா," என்றார் ஒருநாள். "நாட்டுக்குள்ளயே பறக்கலாம் எண்டு நினைக்கப் பழகோணும். நீங்கள் மட்டும்தான் அப்படி நினைக்கிற ஆள்."

நினைக்கிறாரே தவிர ஏறவில்லையே என்று நான் குசினிக்குள் இருந்து சொன்னேன்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஆசனம் காலியாகப் போயிருக்கிறது. ஏறுங்கள் என்று கப்டன் கூப்பிடுவார். இவர் கொடியைக் காட்டிச் சிரிப்பார். ஒருநாள் அருளப்பு அண்ணன் வீட்டுப் பெண்களோடு நானும் வடக்குக் கரையில் நின்று பார்த்தேன். விமானம் நுரையைக் கிளப்பிக்கொண்டு இவரைத் தாண்டி ஓடியது, தண்ணீரை விட்டது, ஈரம் சொட்டச் சொட்ட எழும்பியது. சத்தம் தேய்ந்து போன பிறகும் இவர் கொடியை இறக்கவில்லை. கடைசிச் சுருக்கமும் மறைந்து தண்ணீர் மறுபடி கண்ணாடியாகும் வரை அண்ணாந்தபடியே நின்றார். இரக்கம் வந்தால் எனக்கு ஏச்சாகத்தான் வெளியே வரும், அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வரை ஏசிக்கொண்டே போனேன்.

சில பருவங்கள் இப்படிப் போயின. பிறகு ஒரு சித்திரை மாதம், சோளகம் தொடங்க முன்னர், வெள்ளிக்கிழமை கடைசி விருந்தாளிகளைக் கொண்டுவந்து இறக்கிய விமானம் மழைக்கு மாட்டிக்கொண்டு எங்கள் கரையிலேயே கட்டிக் கிடந்தது. பின்னேரம் கப்டனுக்கு டெலிபோன் வந்தது. கம்பனியால் இனித் தாக்குப்பிடிக்க முடியாதாம். விமானத்தை மாலைதீவுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார்கள், கப்டனும் அதோடு போகிறார். நாளைக் காலையிலேயே கொழும்புக்கு வந்துவிட வேண்டும், விருந்தாளிகள் காரில் வரட்டும் என்று உத்தரவு. கப்டன் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். ஆசனம் எல்லாம் காலி நானா, நாளைக்கு நீங்கள் என்னோடு வருகிறீர்கள் என்றார்.

இவர் முகத்தை நான் பார்த்தேன். பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கிய நேரத்தில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கணம்தான். நாளைக்குச் சனிக்கிழமை, களப்பு முழுக்க வலை, கொடி பிடிக்காமல் எப்படி எழும்புவது என்று தலையை ஆட்டிவிட்டார். வலை நாளில் இரண்டு முனையிலும் கொடி வேண்டும், வடக்கு முனையில் அருளப்பு அண்ணன் நின்றால்கூடத் தெற்கு முனைக்கு ஆள் இல்லை, எங்கள் ஆட்கள் எல்லோரும் வலைக்குப் போய்விடுவார்கள் என்றார்.

"நான் புடிக்கிறன்," என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவள்தான், அந்தப் பயணத்துக்குப் பிறகு வள்ளத்தில் கால் வைத்தவள் இல்லை. நீந்தத் தெரியாது. முழங்கால் தண்ணீரே எனக்குப் பயம். இவருக்கு அது நன்றாகத் தெரியும். உனக்கு விசரா என்று கேட்டார்.

"ஓம், விசர்தான். நீங்க நாளைக்கு ஏறாட்டி, இந்த வீட்டுல இனிமே பிளேன் எண்ட கதையே எடுக்கப்படாது. சொல்லிட்டன்."

மஃரிப் தொழுதுவிட்டு நானே ஜபார் நானா வீட்டுக்குப் போனேன். ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரும் வலை போட்டு முடித்திருந்தார்கள். முதல் சனிக்கிழமை சண்டை போட்ட அதே மனிதரிடம், அதே களப்பை, அதே சனிக்கிழமை கேட்டு நிற்கிறேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, போகப் போவது மஹ்ரூப்பா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். தாடியைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"விடிய முந்தி எடுத்துத் தாறம், தங்கச்சி. போய்ப் படுங்க."

ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு கரைக்குப் போனால், எங்கள் ஆட்கள் அரை இருட்டில் சத்தமில்லாமல் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் வந்தபோது தண்ணீரில் ஒரு மிதப்பு இல்லை. மழை கழுவின காலை. அருளப்பு அண்ணன் வடக்கு முனைக்குப் போய் நின்றார். என்னை ஜபார் நானா இழுத்துக்கொண்டு போய்த் தெற்கு முனையில் நங்கூரம் போட்டு விட்டுவிட்டு, பாதையில் இன்னொரு வள்ளம் நிற்கக் கூடாது என்று தன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். விமானம் போனதும் வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார். ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடியைத் தூக்கிப் பிடித்தேன்.

விமானம் புறப்பட்டது. முதலில் மெல்லப் போனது, பிறகு இரைந்துகொண்டு என்னை நோக்கி ஓடி வந்தது. ஜன்னலில் இவர் முகத்தைத் தேடினேன், நுரையில் தெரியவில்லை. தண்ணீரை விட்டு எழும்பி என் பக்கமாகத் தாண்டிப் போனபோது, அதன் காற்றும் அலையும் சேர்ந்து வள்ளத்தை உலுப்பிவிட்டன. கொடி கையை விட்டுப் பறந்தது. நான் வள்ளத்துக்குள் பொத்தென்று விழுந்து, தலையைச் சுற்ற, பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டேன். எழும்பத் தைரியம் வரவில்லை. விமானம் கப்டனின் ஸலாம் மாதிரி ஒரு வட்டம் அடித்தது சத்தத்தில் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது மேகத்துக்குள் போய்விட்டது. இவர் போய்விட்டார். அந்த ஈர வள்ளத்தில் முக்காடு நனைந்து கிடந்துகொண்டு நான் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

கரைக்கு வந்து, உடுப்பு மாற்றிக்கொண்டு இருக்கும்போது டெலிபோன் அடித்தது. இவர்தான். "கரைக்கு வந்திட்டியா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வைத்துவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்த எனக்கு வந்ததே ஒரு கோபம். அந்த நேரத்திலும் போனில் காசு மிச்சம் பிடிக்கிற மனிதர் என்று திட்டிக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். முற்றம் நிறைய ஆட்கள். வலை எடுத்துக் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், கேட்க வேண்டாமா. இவர் நடுக் கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினார். களப்பு பச்சைக் கண்ணாடி மாதிரி, தீவுகள் அதில் மிதக்கிற ஆமைகள் மாதிரி, புத்தளத்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி, சிலாபத்தில் ஆறு கடலுக்குள் போகிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறம். ஜபார் நானா சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்டார். அருளப்பு அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் தேநீர்க் கோப்பைகளோடு வாசலில் நின்றேன். எனக்கு என்னவோ போல இருந்தது. பச்சைக் கண்ணாடியும் ஆமையும் காயப்போட்ட துணியும் கப்டன் எங்கள் வீட்டில் பாண் சாப்பிட்டுக்கொண்டு சொன்னவை. ஒரு சொல்கூட மாறவில்லை.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் நின்றேன். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒண்டும் பாக்கல்ல, றம்ஸியா. மேல வந்து திரும்பினதும் ஜன்னலால பார்த்தன். வள்ளம் தெரிஞ்சிச்சு. கொடியக் காணல்ல. உன்னயும் காணல்ல. தண்ணிக்குள்ள போயிட்டாய் எண்டு நினைச்சிட்டன். இறக்குங்க, இறக்குங்க எண்டு கத்தினன், இரைச்சல்ல கப்டனுக்குக் கேக்கல்ல. பிறகு கண்ண இறுக்கி மூடினதுதான். கொழும்பு வரைக்கும் தொறக்கல்ல."

நான் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மடையன் என்றேன். ஊரே வலையைத் தூக்கிக் கொடுத்தது இதற்கா என்றேன். பிறகு ஏச முடியவில்லை, அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷமாக இந்த மனிதருக்கு வானம்தான் பெரிது என்று நினைத்து நான் எரிந்துகொண்டிருந்தேன்.